நடைவண்டி முதல் நடைப்பொறி வரை

கன்று பிறந்த சிறிது நேரத்திற்குள் எழுந்து தாய்ப்பசுவின் மடியை நாடிச் செல்கிறது. மனிதக் குழந்தையோ ஓராண்டுக் காலம் தவழ்ந்தும் தளர்ந்தும், விழுந்தும் எழுந்துமே நடை பயில்கிறது. நடை என்பது பிறவியிலேயே வாய்த்துவிடும் பொருளன்று. கற்றுப் பெறும் கலையாகும். இவ்வுண்மையைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் இலக்கியம் சான்று பகரும். அவ்விலக்கியம் வகுத்த பத்துப் பருவங்களுள் ஒன்றான வருகைப் பருவம், தளர்நடையிடும் குழந்தையை வருக வருக என அழைத்து மகிழும் பருவமாகும்.

நடை பயிலும் குழந்தைக்குத் தமிழ்நாட்டுத் தச்சர் செய்தளித்த பொருள் நடைவண்டி. மரச்சட்டமும் மூன்று சிறு சக்கரங்களும் கொண்ட அவ்வண்டியில் ஒரு நுட்பம் உண்டு. அவ்வண்டி குழந்தைக்காகத் தானே நடப்பதில்லை. குழந்தை விழாதவாறு தாங்கிக்கொண்டு, அடியெடுத்து வைக்கும் முயற்சியைக் குழந்தையிடமே விட்டுவிடுகிறது. இச்சிறு நுட்பத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பக்கவாதத்தால் நடையிழந்தோரை மீண்டும் நடக்கவைக்க அறிவியலார் படைத்த நடைப்பொறிகளின் வரலாற்றையும், அவற்றின் வெற்றி தோல்விகளையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

நடந்தே வாழ்ந்த சமுதாயம்

நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பானில் லோபாக் என்னும் பகுதி உள்ளது. மாநிலச் சட்டமன்றத் தொகுதி ஒன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சிரம்பானைச் சூழ்ந்து ஒருகாலத்தில் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த மக்களின் வாழ்வே நடையில்தான் அமைந்திருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நடந்தனர். நிரை நிரையாக நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி நடந்து சீவினர். மீண்டும் அதே மரங்களைச் சுற்றி வந்து மங்கிலிருந்த பாலை எடுத்தனர். காண்டாவைத் தோளில் ஏற்றிப் பால்வாளிகளைச் சுமந்து கொட்டகைக்கு நடந்தனர். கால் நின்றால் கூலியும் நின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், எண்ணெய்ப்பனைக்கு மாறியும், வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம்விட்டும் மறைந்தபோது, அம்மக்களின் வழித்தோன்றல்கள் நகரைச் சார்ந்த குடியிருப்புகளில் குடியேறினர்.

நடந்து வாழ்ந்த இச்சமுதாயத்தில் பக்கவாதம் வந்து ஒருவர் வீழ்ந்தால், அது ஒருவரின் நோயாக மட்டும் நின்றதில்லை. லயத்து வீட்டின் திண்ணையில் கிடத்தப்பட்ட தந்தையைத் தாங்க, வேலைக்குச் செல்லவேண்டிய மனைவியோ, பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளையோ வீட்டில் நிற்க நேர்ந்தது. எண்ணெய் காய்ச்சித் தேய்த்தலும் நொச்சியிலை ஒற்றடமுமே பெரும்பாலோர்க்குக் கிட்டிய வைத்தியம். கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திய உறவினர்களே அன்றைய நடைப்பயிற்சியாளர்கள்.

நோயின் வேட்டை இன்னும் ஓயவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தன எனக் கண்டது. இனவாரியாக நோக்கின் நீரிழிவு மிகுந்திருந்தது இந்தியரிடையே, அவர்களுள் 31.4 விழுக்காட்டினர் அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். இவ்விரு நோய்களும் பக்கவாதத்தின் முன்னோடிகள் என்பதை எண்ணும்போது, இப்பொருள் தமிழ்ச் சமுதாயத்தின் வாயிற்படியிலேயே நிற்பது புலனாகும்.

நோயின் இயல்பு

சித்த மருத்துவம் நோய்களை வாதம், பித்தம், கபம் எனப் பகுத்தது. உடலின் ஒரு பக்கத்தைச் செயலறச் செய்வதால் இந்நோய் பக்கவாதம் எனப்பட்டது. பாரிசவாயு என்பதும் அதுவே. கிரேக்க மருத்துவர் இதனைத் திடீரென அடித்து வீழ்த்தும் நோய் எனக் குறித்தனர். நோய் எங்கே தோன்றுகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்பர், இந்நோயால் இறந்தோரின் உடல்களை அறுத்தாய்ந்து, மூளையில் குருதி கசிவதால் நோய் விளையக்கூடும் என 1658இல் எழுதினார். குற்றம் காலில் இல்லை, தலையில் இருக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுதல், குருதிக்குழாய் வெடித்தல் என இருவகையால் இந்நோய் விளைகிறது. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. அடைப்பைக் கரைக்கும் மருந்தின் பயனை 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு நிறுவிற்று. நோய் தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் அம்மருந்தைச் செலுத்தவேண்டும் என்பது பின்னர் வகுக்கப்பட்ட எல்லை. ஆதலின் முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். எண்ணெய் தேடும் நேரம் அதுவன்று.

உயிர் பிழைத்தவரின் காலில் எலும்பும் தசையும் முன்போலவே இருக்கும். ஆயினும் அவற்றை ஏவும் மூளைப் பகுதி பழுதுற்றமையால் கால் ஏவலுக்கு இணங்குவதில்லை. இறந்த நரம்பணுக்கள் மீண்டும் பிறப்பதில்லையாயின், நடை எவ்வாறு திரும்பும்? இவ்வினாவே இருபதாம் நூற்றாண்டின் நரம்பியலைத் துரத்தியது.

மூளை மீண்டும் கற்கும்

நரம்பணு இயலின் தந்தையெனப் போற்றப்படும் ஸ்பானிய அறிஞர் ராமோன் இ காஹால், வளர்ச்சி முற்றிய மூளையில் நரம்புப் பாதைகள் மாறா நிலையடைந்தவை என்று கருதினார். அவர் கூற்று மருத்துவ உலகில் நம்பிக்கையின்மையை நெடுங்காலம் நிலைபெறச் செய்தது. பிழைத்த கையைப் பயன்படுத்தி வாழப் பழகுதலே நோயாளிக்கு வழி என எண்ணப்பட்டது.

மறுபுறம், 1911இல் கிரகாம் பிரவுன் என்னும் அறிஞர் பூனைகளை ஆய்ந்து, கால்களை மாறி மாறி நீட்டி மடக்கும் தாளம் முதுகுத்தண்டிலேயே அமைந்துள்ளது எனக் காட்டினார். 1987இல் கனடாவின் மொன்றியால் நகரில் பார்போ, ரொசிஞோல் என்னும் இருவர், முதுகுத்தண்டு துண்டிக்கப்பட்ட பூனைகளை ஓடும் பட்டையின் மீது உடலைத் தாங்கிப் பயிற்றினர். அப்பூனைகளின் பின்னங்கால்கள் மீண்டும் நடை பயின்றன. இடைவிடாத பயிற்சி நரம்பு மண்டலத்தைத் திருத்தியமைக்கும் என்னும் கொள்கை இவ்வாறு வலுப்பெற்றது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி, நரம்பியலிலும் மெய்யாயிற்று.

பூனைக்குப் பொருந்தியது மனிதனுக்கும் பொருந்துமா? செருமனியின் பெர்லின் நகரில் மருத்துவர் இசுடெபான் எசே, தாமே நடக்கவியலாத பக்கவாத நோயாளிகளை வாரினால் மேலிருந்து தாங்கி, ஓடும் பட்டையில் நடக்கச் செய்தார். 1995இல் வெளியான அவர்தம் சிற்றாய்வு நம்பிக்கை அளித்தது. 1998இல் மொன்றியாலைச் சேர்ந்த குழுவினர் 100 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். உடல் எடையின் ஒரு பகுதியை வார் தாங்கிய பிரிவினர், எடை முழுவதையும் தாமே தாங்கியவர்களைவிட நன்கு தேறினர்.

ஆனால் இம்முறையில் ஓர் இடர் இருந்தது. நோயாளியின் காலைத் தூக்கி வைக்க ஒருவரும், இடுப்பை நிலைநிறுத்த மற்றொருவரும் என இரு சிகிச்சையாளர்கள் குனிந்து நின்று உழைக்க வேண்டியிருந்தது. நோயாளி களைப்பதற்குமுன் அவர்கள் களைத்தனர். வழக்கமான பயிற்சியில் நோயாளி இடும் அடிகளோ மிகச் சில. மறுவாழ்வு மையங்களில் நடந்த பயிற்சிகளை எண்ணிக் கணக்கிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒரு பயிற்சி வேளையில் சராசரியாக 357 அடிகளே இடப்பட்டன என்றது. மனிதக் கைகள் சோர்ந்த இவ்விடத்திலேதான் பொறி உள்ளே நுழைந்தது.

பொறி பிறந்த கதை

பொறி மனிதனைக் குறிக்கும் ரோபோ என்னும் சொல்லை உலகிற்கு அளித்தது, செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து அது பிறந்தது. மலாயாவில் இந்தியத் தொழிலாளரின் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பின் சுமையை அறிந்த சமுதாயத்தின் வழிவந்தோர்க்கு, அதே பொருள்பட்ட ஒரு பெயருடைய பொறி பிற்காலத்தில் ஊன்றுகோலாக வந்தது வரலாற்றின் விந்தையெனலாம்.

உடலின்மேல் அணியும் பொறிச் சட்டகத்தின் முயற்சி புதியதன்று. யூகோசிலாவியாவின் பெல்கிரேடு நகரில் பேராசிரியர் மியோமிர் வுகோபிராதோவிச், நடக்கவியலாதோர்க்கெனப் புறச்சட்டகங்களை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அமைத்தார். ஆயினும் அவற்றை இயக்கும் நுண்கணிப்பொறிகள் அன்று போதிய வளர்ச்சி பெற்றிருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு முடியும் வேளையில் இருவேறு வடிவங்கள் தோன்றின. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் பொறியாளர் கெரி கொலம்போவும் நரம்பியலறிஞர் போல்கர் டீட்சும் லோகோமாட் என்னும் பொறியை உருவாக்கினர். இதில் நோயாளி வாரில் தொங்கியவாறு ஓடும் பட்டைமீது நிற்பார். இடுப்பிலும் முழங்காலிலும் பொருந்திய மின்விசைச் சட்டகம் அவர் கால்களை நடையின் ஒழுங்கில் இயக்கும். பெர்லினில் எசே அமைத்த பொறியோ வேறுவகையினது. நோயாளியின் பாதங்கள் இரு தட்டுகள்மீது நிற்க, அத்தட்டுகளே நடையின் பாதையில் சுழன்று வரும். இருபது நிமிடத்தில் ஆயிரத்தை நெருங்கும் அடிகளை இவ்வகையில் இடலாயிற்று.

மூன்றாவது வடிவம் சப்பானில் பிறந்தது. சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோசியூகி சங்காய் அமைத்த ஹால் என்னும் அணிபொறியை உருவாக்கி வழங்க, சைபர்டைன் என்னும் நிறுவனம் 2004இல் தோன்றியது. நடக்க எண்ணும்போது மூளையிலிருந்து தசைக்குச் செல்லும் மெல்லிய மின்குறிகளைத் தோல்மேல் ஒட்டிய உணரிகள் கண்டறியும். அதற்கேற்பப் பொறி காலை அசைக்கும். எண்ணம் முந்த, பொறி பின்தொடர்கிறது. சப்பான் அரசு 2015இல் சில நரம்புத் தசை நோய்களுக்கு இதனை மருத்துவக் கருவியாக ஏற்றது. அமெரிக்காவில் எக்சோ என்னும் அணிபொறிக்கு 2016இல் பக்கவாத நோயாளர்க்கென ஒப்புதல் கிடைத்தது.

அளந்து கண்ட உண்மை

புதுமை என்பதனாலேயே ஒன்று நன்மையாகிவிடாது. பொறியின் பயனை அறிஞர்கள் அளந்து பார்த்தனர். செருமனியின் நான்கு மையங்களில் 155 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் நாள்தோறும் 20 நிமிடம் பொறியிலும் 25 நிமிடம் சிகிச்சையாளரிடத்தும் பயின்றனர். மறு பிரிவினர் 45 நிமிடமும் சிகிச்சையாளரிடமே பயின்றனர். நான்கு வாரங்களின் இறுதியில் முதற்பிரிவின் 77 பேரில் 41 பேர் பிறர் துணையின்றி நடந்தனர். மறுபிரிவின் 78 பேரில் 17 பேரே அந்நிலையை எய்தினர்.

ஆயினும் 2008இலும் 2009இலும் அமெரிக்காவில் வெளியான இரு ஆய்வுகள் மாறான செய்தியைக் கூறின. ஏற்கெனவே ஓரளவு நடக்கக்கூடியவரிடத்துப் பொறிப்பயிற்சியைவிடச் சிகிச்சையாளரின் கைப்பயிற்சியே மிகுந்த பயன் தந்தது. முரண்போல் தோன்றும் இவற்றை எவ்வாறு பொருத்துவது?

விடை நடைவண்டியில் இருக்கிறது. பொறியே காலை முழுவதும் தூக்கி வைத்துவிட்டால், நோயாளி முயல்வதை நிறுத்திவிடுகிறார். முயற்சி இல்லாதவிடத்து மூளை கற்பதில்லை. அடியெடுத்து வைக்கவே இயலாதவர்க்குப் பொறி ஆயிரம் அடிகளை வழங்குகிறது, அது பெரும்பேறு. தாமே அடியெடுக்கக் கூடியவரிடமிருந்தோ அவருடைய முயற்சியைப் பறித்துக்கொள்ளக்கூடும். இதனால் பிற்காலப் பொறிகள், வேண்டிய அளவே உதவி மற்றதை நோயாளியிடம் விடுமாறு திருத்தியமைக்கப்பட்டன.

62 ஆய்வுகளையும் 2,440 நோயாளிகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த காக்கிரேன் தொகுப்பு 2020இல் வெளிவந்தது. சிகிச்சையாளரின் பயிற்சியோடு பொறிப்பயிற்சியும் சேரும்போது, துணையின்றி நடப்போர் தொகை கூடுகிறது. நோய் தோன்றிய முதல் மூன்று திங்களுக்குள் இருப்போரும், நடக்கவே இயலாதோரும் மிகுந்த பயன் அடைகின்றனர். இவையே அத்தொகுப்பின் சாரம்.

காலம் முக்கியம் என்பதால் அவசரமும் கூடாது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடையே நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில் மலேசிய நோயாளிகளும் இடம்பெற்றனர். நோய் தோன்றிய 24 மணி நேரத்திற்குள்ளேயே அடிக்கடி எழுப்பி மிகுதியாகப் பயிற்றுவது நன்மையைக் குறைக்கிறது என அது காட்டிற்று. எப்போது, எவ்வளவு என்பதை அறிந்து சொல்லும் மருத்துவரின் இடத்தை எப்பொறியும் நிரப்பவியலாது.

வேலூரின் வழிகாட்டல்

நடையிழந்தோரின் மறுவாழ்வு பற்றிப் பேசுமிடத்துத் தமிழகத்தின் வேலூரை மறத்தல் ஆகாது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசு 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் தலைமையில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நடக்கவியலாத ஒருவர் பிறரை நடக்கவைக்க நிறுவிய நிலையம் அது. பொறிகள் வருவதற்கு முன்னரே மறுவாழ்வு என்பது ஒரு தனித்துறை என இந்தியாவிற்கு உணர்த்தியவர் அவர். பிற்காலத்தில் அதே கல்லூரியும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து, பக்கவாதத்தால் செயலிழந்த கைகளைப் பயிற்றும் புளூட்டோ என்னும் சிறுபொறியை உள்நாட்டிலேயே ஆக்கின. விலைமிக்க வெளிநாட்டுப் பொறியை வாங்கவியலாதோர்க்கு இத்தகைய முயற்சியே வழி.

பொறியும் வேண்டா, சிகிச்சையாளரும் வேண்டா, குடும்பத்தாரே பயிற்றுவித்தால் போதாதா என்னும் வினாவும் எழுந்தது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு இதனை ஆய்ந்தனர். 2017இல் வெளியான முடிவு சிந்தனைக்குரியது. குடும்பத்தார்க்குப் பயிற்சியளித்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் செய்தமையால், ஆறு திங்களின் இறுதியில் இறப்போ பிறரைச் சார்ந்திருத்தலோ குறையவில்லை. அன்பு இன்றியமையாதது, அன்பே பயிற்சியாகிவிடாது. லயத்துத் திண்ணையில் தந்தையைத் தாங்கிப்பிடித்த தலைமுறையின் தொண்டு போற்றத்தக்கதே. ஆயினும் அவர்களிடம் ஒரு துறையின் பணியை முழுவதும் சுமத்தியது காலத்தின் குறையாகும்.

மலேசியாவில் திறந்த வழி

மலேசியாவில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன்வழி 1971இல் தோன்றியது, மக்கள் சொக்சோ என வழங்கும் நிறுவனம். பணியிட விபத்துக்கு மட்டுமன்றி, நோயினால் உழைக்கும் ஆற்றலை இழத்தலுக்கும் அது காப்பளித்தது. நிவாரணத் தொகையோடு நின்றுவிடாமல், தொழிலாளியை மீண்டும் வேலைக்கு அனுப்பும் திட்டத்தை 2007இல் தொடங்கிற்று. மலாக்காவின் பெம்பானில் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014இல் திறக்கப்பட்டது. பொறிவழிப் பயிற்சியும் ஹால் அணிபொறியும் அம்மையத்தில் இடம்பெற்றன. பின்னர் ஈப்போவின் மேரு ராயாவிலும் நரம்பியல் பொறிவழி மறுவாழ்வுக்கென ஒரு பெருமையம் எழுந்தது.

அரசு நிறுவனங்களுக்கு முன்பே மக்கள் முயற்சியும் வழி திறந்தது. பக்கவாதத்தால் தாக்குண்டு மீண்ட சேனட் இயோ என்னும் அம்மையார், மலேசியத் தேசிய பக்கவாதச் சங்கத்தை 1996இல் நிறுவினார். நோயுற்றவரே நோயுற்றவர்க்கு வழிகாட்டும் மரபு, வேலூரைப் போன்றே இங்கும் வேர்கொண்டது.

லோபாக்கிலிருந்து பெம்பானுக்குச் சாலைவழிச் செல்ல இரண்டு மணி நேரமும் ஆகாது. ஆனால் உண்மையான தொலைவு கிலோமீட்டரில் இல்லை. அறிதலிலும் உரிமையிலும் இருக்கிறது. சந்தா செலுத்திய தொழிலாளிக்கு அம்மையத்தின் கதவு திறக்கும். சந்தாவைப் பற்றியே அறியாத நாட்கூலிக்காரர்க்கு அது தூரத்து விளக்கு. இல்லத்தரசியருக்கென வகுத்த சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 55 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு ஆண்டுச் சந்தா 120 ரிங்கிட். நாளொன்றுக்கு முப்பத்து மூன்று காசு எனக் கணக்கிட்டு வீடுதோறும் சொல்லத்தக்க செய்தி இது. அறுபது வயதைக் கடந்தபின் முதன்முறையாக நோயுறும் முதியோர்க்கோ அரசு மருத்துவமனையே புகலிடம். தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த தலைமுறை பெரும்பாலும் அவ்வயதைக் கடந்துவிட்டது. பொறியின் வருகை மட்டும் போதாது. அதனிடம் போய்ச் சேரும் வழியும் எல்லார்க்கும் அமைதல் வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

வரலாறு காட்டும் பாடங்கள் மூன்று. இழந்த நடை மீண்டும் கற்கத்தக்கது என்பது முதலாவது. கற்பதற்குரிய காலம் நோய் தோன்றிய முதற்சில திங்கள் என்பது இரண்டாவது. பொறி எவ்வளவு வலியதாயினும், அது தாங்குமேயன்றிக் கற்காது. கற்பவர் நோயாளியே என்பது மூன்றாவது.

எழுத்தறியாத பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டும் பேரப்பிள்ளை, தமிழ்ப் பள்ளியின் மாணவனாகவே இருக்கக் காணலாம். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் என்னும் மூன்றையும் அம்மாணவன் அறிந்திருந்தால், நான்கரை மணி நேரம் வீணாகாது. மறுவாழ்வு மையம் என ஒன்றுண்டு என அவன் ஆசிரியர் ஒருமுறை வகுப்பில் கூறியிருந்தால், முதல் மூன்று திங்கள் எண்ணெய்த் தேய்ப்பிலேயே கழியாது. மருத்துவச் செய்தியைத் தாய்மொழியில் தெளிவுறச் சொல்லுதலும் மொழித்தொண்டே.

பேரனைக் கைப்பிடித்து நடைபயிற்றிய தாத்தா, பிறிதொரு நாள் இரு கம்பிகளைப் பற்றியவாறு நடை பயிலக்கூடும். அவரைப் பொறி தாங்கலாம், சிகிச்சையாளர் வழிகாட்டலாம். எதிர்முனையில் நின்று, பிள்ளைத்தமிழ்ப் புலவன் குழந்தையை அழைத்ததுபோல், வருக என்று அழைக்கும் குரல் மட்டும் குடும்பத்தினுடையதாக இருத்தல் வேண்டும். எடுத்து வைக்கும் அடி அவருடையதே.